திரையோரத்து எண்

தன் பெயரில் மன்னிப்பு மெயில் போகக் கூடாது என்று அமுதவல்லி சொன்னது ஜெகதீஸ்வரன் காதில் விழவில்லையோ என்னவோ, லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "ரெண்டு வரிதான் அமுதா. நானே எழுதி வச்சிட்டேன். படிச்சுப் பாத்துட்டு அனுப்பிடு" என்றார்.

"படிச்சுட்டேன் சார். அனுப்ப மாட்டேன்."

இப்போது தலை நிமிர்ந்தது. அறையில் இருந்த மற்றவர்களும் நிமிர்ந்தார்கள்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருந்தது ஜெகதீஸ்வரனின் மென்பொருள் நிறுவனம். சவ்வரிசி ஆலைகளுக்கும் கோழித்தீவன ஆலைகளுக்கும் எடை மேடையில் ஓடும் நிரல்களை எழுதிக் கொடுப்பதுதான் தொழில். வண்டி மேடைமேல் ஏறினால் எடை தானாகப் பதிவாகும், இறக்கிவிட்டு வெற்று வண்டி ஏறினால் இரண்டாவது எடை பதிவாகும், கடைசியில் சீட்டு வரும். அந்த எடை மேடை நிரல் முழுக்க அமுதவல்லி எழுதியது. மல்லசமுத்திரம் பக்கத்துப் பெண். அவள் வீட்டிலும் சவ்வரிசிக்குப் போகும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிதான் வெள்ளாமை. கிழங்கு பிடுங்கியதும் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும், வெயிலில் நின்றால் மாவு குறையும் என்பதெல்லாம் கம்ப்யூட்டர் படிப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்த விஷயம்.

இந்த சீசன் தொடங்கியதிலிருந்து, ராசிபுரம் சாலையில் இருந்த ஒரு பெரிய சவ்வரிசி ஆலையில் மட்டும் எடை மேடைத் திரை திடீர் திடீரென்று அசையாமல் நின்றுபோனது. வண்டி மேடைமேல் நிற்கும். எடையும் தெரியும். ஆனால் பதிவாகாது. பின்னால் டிராக்டர்கள் ரோடு வரைக்கும் வரிசை கட்டும். ஆலை மேனேஜர் செல்லமுத்து போன் போட்டுச் சத்தம் போடுவார். சர்வரை அணைத்துப் போட்டால் சரியாகும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ மறுபடி நிற்கும். நிற்பது எடை மேடைத் திரை, அதை எழுதியவள் அமுதவல்லி, ஆகவே தப்பு அவளுடையது என்று ஆலையிலும் ஆபீஸிலும் முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்த முடிவுக்கு ஆதாரம் கொண்டுவந்தவன் சித்தார்த். அவளோடு வேலை செய்கிறவன், கெட்டவன் இல்லை, ஆனால் ஜெகதீஸ்வரன் எதைச் சொன்னாலும் தலையாட்டுவான். திரை நின்றுபோன நேரத்தில் ஓடுகிற ஒவ்வொரு வேலைக்கும் கம்ப்யூட்டர் கொடுக்கும் அடையாள எண்ணான பிராசஸ் எண், எடை மேடைக் கம்ப்யூட்டரில் அந்த நிரலுக்கு என்ன என்று பார்த்து வைத்திருந்தான். பிறகு சர்வரில் ஓடுகிற பிராசஸ்களிலும் அதே எண் இருப்பதைக் கண்டான். அந்த எண்தான் சர்வரையே பிடித்து நிறுத்துகிறது என்பது அவன் வாதம்.

அமுதவல்லிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சேலத்துல ஓடுற பதிமூணாம் நம்பர் பஸ்ஸும் நாமக்கல்லுல ஓடுற பதிமூணாம் நம்பர் பஸ்ஸும் ஒரே வண்டியா சித்தார்த்? நீ பாத்தது எடை மேடைக் கம்ப்யூட்டர் தன் நிரலுக்குக் கொடுத்த எண். சர்வர் வேற மிஷின். அது கொடுக்கிற எண் வேற. ரெண்டும் ஒண்ணா இருந்தது தற்செயல்."

பிறகு பொறுமையாகவே விளக்கினாள். ஒரு நிரல் டேட்டாபேஸோடு இணையும்போது, அந்த இணைப்பை மட்டும் கவனிப்பதற்கென்று சர்வர் தன் பக்கத்தில் தனியாக ஒரு பிராசஸைத் தொடங்குகிறது. ஆலையில் பத்துத் திரைகள் இணைந்திருந்தால் சர்வரில் பத்துப் பிராசஸ்கள் இருக்கும். நிற்பது ஒன்றாக இருக்கும், நிறுத்துவது வேறொன்றாக இருக்கும். எந்தத் திரைக்குப் பின்னால் எந்தப் பிராசஸ் என்று தெரியாமல் சர்வரையே அணைத்துப் போட்டால், நிறுத்தியது எது என்ற தடயமும் சேர்ந்தே அணைந்துபோகும். இத்தனை நாளாக நடப்பது அதுதான்.

ஜெகதீஸ்வரன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கஸ்டமர் கோபமாக இருக்கும்போது பாடம் நடத்த முடியாது என்றார். அமுதவல்லி தன் தப்பு என்று தெரிந்தால் இரண்டு வரி இல்லை, இரண்டு பக்கமே எழுதுவதாகச் சொன்னாள். தெரியும் முன்னால் ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்றும் சொன்னாள். அவர் முகம் இறுகியது. எடை மேடை நிரலின் உள்ளும் புறமும் அவளைவிட்டால் வேறு யாருக்கும் தெரியாது, சீசன் வேறு நடக்கிறது. அதனால் அன்றைக்கு அதோடு விட்டார்.

அன்று பிற்பகலே அவள் வேலையைத் தொடங்கினாள். நிறுவனத்தின் எல்லா நிரல்களும் டேட்டாபேஸோடு இணைவதற்கு ஒரே ஒரு பொதுக் கோப்பைத்தான் பயன்படுத்தின. அதில் சில வரிகள் சேர்த்தாள். இணைப்பு ஏற்பட்டவுடன், 'என்னைக் கவனிக்கிற பிராசஸின் எண் என்ன' என்று சர்வரையே கேட்க வேண்டும். வருகிற எண்ணைத் திரையின் கீழ் ஓரத்தில் சின்ன எழுத்தில் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

முதல் தடவை அவளே சறுக்கினாள். கேள்வியைக் கேட்பதற்குப் புதிதாக ஓர் இணைப்பைத் திறந்துவிட்டாள். வந்த எண் அந்தப் புது இணைப்பினுடையது. ஒரு போனில் பேசிக்கொண்டிருப்பவர் யார் என்று அறிய இன்னொரு போன் போட்டுக் கேட்டால் எடுப்பவர் வேறு ஆளாகத்தானே இருப்பார். தலையில் தட்டிக்கொண்டு, எந்த இணைப்பில் வேலை நடக்கிறதோ அதிலேயே கேட்கும்படி மாற்றினாள். இப்போது திரையில் தெரிந்த எண்ணும் சர்வரில் தெரிந்த எண்ணும் ஒத்துப்போயின.

கஸ்டமர் திரையில் கண்ட கண்ட எண்கள் தெரியக் கூடாது என்று ஜெகதீஸ்வரன் ஆட்சேபித்தார். வண்டிகள் ரோட்டில் நிற்பதைவிட எண் தெரிவது மேல் என்று அவள் பதில் சொன்னாள். அந்த வார அப்டேட்டில் அது எல்லா ஆலைகளுக்கும் போனது. போகிற விஷயத்தை ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினாள். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் ஜெகதீஸ்வரன் அவளைக் கூப்பிட்டு, "மெயில் வேண்டாம்னா நேர்ல போ. மேனேஜரப் பாத்து, தப்பு நம்ம பக்கம்தான், இனிமே நடக்காதுன்னு சொல்லிட்டு வா" என்றார்.

போகிறேன் என்றாள். மன்னிப்பு கேட்பதாகச் சொல்லவில்லை. அவரும் கவனிக்கவில்லை.

காலையிலேயே ராசிபுரம் பஸ் பிடித்து ஆலை ஸ்டாப்பில் இறங்கினாள். கிழங்கு அரைக்கும் புளித்த வாடை ரோட்டிலேயே அடித்தது. உள்ளே சிமெண்டுக் களத்தில் சவ்வரிசி வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. எடை மேடைக்குப் பக்கத்து அறையில் தமிழரசு உட்கார்ந்திருந்தான். வண்டிகளை ஏற்றி இறக்கிப் பதிவு போடுகிறவன் அவன்தான். நேரம் கிடைக்கும்போதெல்லாம் அமுதவல்லிக்கு போன் செய்து சந்தேகம் கேட்பவன். அவள் லேப்டாப்பை சர்வரோடு இணைத்து மடியில் வைத்துக்கொண்டு, அவன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். திரை எப்போது நிற்கும் என்று காத்திருப்பதுதான் வேலை.

டிராக்டர்கள் வந்தன, போயின. ஜன்னல் வழியாக ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். தலையில் துண்டைச் சுற்றியிருந்தார். பெயர் சென்னம்மாள். நாமகிரிப்பேட்டைப் பக்கமிருந்து லோடு கொண்டுவந்திருந்தார். கிழங்கை இறக்கிவிட்டு, வெற்று டிராக்டரோடு இரண்டாவது எடைக்காக நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, நீங்கதான் இந்த மிஷினுக்கு டாக்டருங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"அப்டீன்னா பாயிண்டு மிஷினையும் ஒருக்கா பாத்துட்டுப் போங்க. ஒரே காடு, ஒரே குச்சி. என்ற கொழுந்தனார் வேற மில்லுக்குக் கொண்டுபோனா இருவத்தெட்டு சொல்றாங்க. இங்க வந்தா இருவத்தஞ்சத் தாண்ட மாட்டேங்குது."

கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறது என்பதுதான் பாயிண்ட். லோடிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்துத் தண்ணீருக்குள் எடை போட்டுப் பார்த்துக் கணக்கிடுவார்கள். அதை வைத்துத்தான் கிழங்குக்கு விலை, எடைச் சீட்டிலும் அது அச்சாகும். முன்பு குமாஸ்தா கையால் எழுதுவார், தினமும் சண்டை நடக்கும். கம்ப்யூட்டர் வந்த பிறகு மிஷின் காட்டும் பாயிண்ட் நேராக டேட்டாபேஸுக்குப் போய்விடும், நடுவில் யார் கையும் படாது என்று ஆலை வாசலில் போர்டே வைத்திருந்தார்கள். அந்தப் போர்டை அமுதவல்லி போன சீசனில் பெருமையோடு போட்டோ எடுத்திருந்தாள். ஆகவே அந்த அம்மாளிடம், மிஷின் பொய் சொல்லாதுங்க, மண்ணிலேயோ மழையிலேயோ ஏதாவது வித்தியாசம் இருக்கும் என்றாள். சென்னம்மாள் டிராக்டரை மேடைமேல் ஏற்றச் சொல்லி டிரைவருக்குக் கை காட்டினார்.

தமிழரசு பொத்தானை அழுத்தினான். திரை நின்றது.

"இதோ, நின்னுபோச்சுங்க" என்றான் அவன், ஏதோ அவனே நிறுத்தியதைப் போலக் குரலைத் தாழ்த்தி.

அமுதவல்லி திரையின் கீழ் ஓரத்தைப் பார்த்தாள். 7714. அதைச் சொல்லிக்கொண்டே லேப்டாப்பில் தட்டத் தொடங்கினாள். அதற்குள் வெளியே ஹாரன் சத்தம் கிளம்பிவிட்டது. ஆலை முற்றத்தில் யாரோடோ பேசிக்கொண்டிருந்த செல்லமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வந்தார்.

"தமிழு, போயி சர்வரை அணைச்சுப் போடு" என்றார்.

தமிழரசு எழுந்தான். சர்வர் இருந்த சின்ன அறைக்கு இந்த அறை வழியாகத்தான் போக வேண்டும். அமுதவல்லி எழுந்து அந்தக் கதவுக்கு முன்னால் நின்றாள்.

"இன்னைக்கு அணைக்க வேண்டாமுங்க சார்."

"யாரு அம்மிணி நீங்க?"

"எடை மேடை புரோகிராம் எழுதினவ."

"ஓ, உங்களைத்தான் மன்னிப்புக் கேக்க அனுப்பறதா ஜெகதீஸ் சொன்னாரு. நல்லா வந்து கேக்கறீங்க. வழிய உடுங்க, வண்டிக நிக்குது."

"நிக்கறது தெரியுதுங்க. எதனால நிக்குதுன்னு பாக்கறதுக்குத்தான் வந்திருக்கறேன். அணைச்சா அது தெரியாம போயிரும். பாக்கற வரைக்கும் இந்தக் கதவ உட்டு நகர மாட்டேன்."

செல்லமுத்துவுக்கு ஒரு பெண் தன் ஆலைக்குள் நின்றுகொண்டு இப்படிச் சொன்னதை நம்ப முடியவில்லை. தமிழரசைப் பார்த்தார். தமிழரசு தரையைப் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே நாலைந்து டிரைவர்களும் விவசாயிகளும் கூடிவிட்டார்கள். இந்த அம்மாவால்தான் தாமதம் என்று ஒருவர் முணுமுணுத்தார். அந்த நேரத்தில் சென்னம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"தெனமும் அணைச்சுப் போட்டுத்தான் பாத்தீங்க மேனேஜருங்களே. மறுக்கா மறுக்கா நின்னுட்டுத்தான் இருக்குது. மேடைமேல நிக்கறது என்ற வண்டி. எனக்கு அவசரமில்லீங்க. அந்தக் கண்ணு பாக்கட்டும்."

வண்டிக்காரரே அப்படிச் சொன்ன பிறகு முணுமுணுத்தவர் அடங்கினார். அமுதவல்லி நின்றபடியே, இடது கையில் லேப்டாப்பை ஏந்தி, வலது கையால் தட்டினாள். எந்தப் பிராசஸ் எதற்காகக் காத்திருக்கிறது என்று சர்வரைக் கேட்டாள்.

7714 காத்துக்கொண்டிருந்தது. காக்க வைத்தது 7688.

அவள் எழுதிய நிரல் நிறுத்தவில்லை. அது நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த ஒரு பாரம் இறங்கியது. ஆனால் அடுத்த வரியைப் படித்ததும் நெற்றி சுருங்கியது. 7688 எந்த வேலையும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தது. ஒரு மாற்றத்தைத் தொடங்கிவிட்டு, சேமிக்கவும் செய்யாமல் கைவிடவும் செய்யாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. அது தொட்ட பதிவுகளை வேறு யாரும் தொட முடியாது. அந்தப் பதிவுகளில் ஒன்று சென்னம்மாள் வண்டியினுடையது. அதனால்தான் இரண்டாவது எடை அதில் ஏற மறுத்தது. அது கடைசியாகச் செய்த கட்டளையும் தெரிந்தது: லோடின் பாயிண்டை மாற்று.

பாயிண்டை மாற்றும் திரை என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

இணைப்பு எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது என்பதையும் சர்வர் சொன்னது. ஆலைக்குள் இருக்கும் ஒரு முகவரி. அது எந்த மிஷின் என்று தமிழரசைக் கேட்டாள். அவன் கண் ஒரு கணம் மேனேஜர் அறைப் பக்கம் போய்த் திரும்பியது.

அமுதவல்லி லேப்டாப்போடு அந்த அறைக்கு நடந்தாள். கதவு திறந்தே கிடந்தது. மேஜைமேல் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரையின் கீழ் ஓரத்தில், அவளே வைத்த அந்தச் சின்ன எழுத்தில், 7688 என்று இருந்தது.

அதற்கு மேலே அன்றைய லோடுகள் வரிசையாக நின்றன. மிஷின் காட்டிய பாயிண்ட் ஒரு பக்கம், அதற்குப் பக்கத்தில் புதிய பாயிண்ட். சென்னம்மாள், இருபத்தெட்டு, இருபத்தைந்து. அதற்குக் கீழே இருபத்தேழு, இருபத்துநான்கு. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி மூன்று குறைந்திருந்தது. கீழே 'சேமி' என்ற பொத்தான் அழுத்தப்படாமல் காத்திருந்தது. மாற்றிக்கொண்டே இருந்தவர், யாரோ கூப்பிட நடுவில் எழுந்து முற்றத்துக்குப் போயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மண்ணிலேயோ மழையிலேயோ வித்தியாசம் இருக்கும் என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அந்த அம்மாளிடம் சொன்னது ஞாபகம் வந்து அவளுக்குக் காது சுட்டது.

"என்ற ரூமுல உங்களுக்கு என்ன வேலை?" செல்லமுத்து வாசலில் நின்றார்.

"எடை மேடைய நிறுத்தி வச்சிருக்கறது இந்தத் திரைதானுங்க."

அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். குரலை மாற்றினார். "அட, இவ்வளவுதானா? சேமி அழுத்தினா சரியாப் போயிருமில்ல? நகருங்க, அழுத்தறேன். பிரச்சினை தீந்துது. உங்க மேல தப்பில்லைன்னு நானே ஜெகதீஸ்கிட்டச் சொல்லிடறேன்."

அது உண்மைதான். அந்தப் பொத்தானை அழுத்தினால் 7688 தன் பிடியை விட்டுவிடும். எடை மேடை நகரும். இருபத்தைந்து என்று சீட்டு வரும். அவள் பெயரும் துடைத்துச் சுத்தமாகிவிடும்.

அமுதவல்லி நகரவில்லை. மேஜைக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள்.

அவர் போனை எடுத்து ஜெகதீஸ்வரனை அழைத்தார். இரண்டு வார்த்தை பேசிவிட்டு அவளிடம் நீட்டினார்.

"அமுதா, அங்க என்ன பண்ற?" ஜெகதீஸ்வரனின் குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. "அவரச் சேமி அழுத்த விட்டுட்டுக் கிளம்பி வா. பாயிண்டு அவங்க ஆலை விஷயம். நமக்கு அதுல வேலை இல்ல."

"இந்தத் திரை இருக்கறது உங்களுக்குத் தெரியுமா சார்?"

"கஸ்டமர் கேட்டாங்க. சித்தார்த் போட்டுக் கொடுத்தான்."

"அப்போ என்னோட புரோகிராம்தான் நிறுத்துதுன்னு ரெண்டு மாசமா சொன்னது?"

"அதெல்லாம் ஆபீஸ்ல பேசிக்கலாம்."

"இல்ல சார். எடை மேடைய நிறுத்தறது எந்தப் பிராசஸ்னு கண்டுபிடிச்சு, அத நிறுத்தி, வண்டிய நகத்தறதுதான் என் வேலை. கண்டுபிடிச்சுட்டேன். நிறுத்தறேன்."

"நிறுத்தினா அவர் மாத்தினது எல்லாம் போயிரும் அமுதா. நாளைக்கு நீ இங்க வர வேண்டி இருக்காது. யோசிச்சுக்க."

"சேமிக்காதது போகத்தான் செய்யும் சார்" என்று சொல்லி போனைச் செல்லமுத்துவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு லேப்டாப்பை அந்த மேஜைமேலேயே வைத்தாள். 7688-ஐ முடித்துவிடு என்று ஒரு வரி அடித்தாள். என்டர் பொத்தானை அழுத்தினாள்.

மேனேஜரின் திரையில் இணைப்பு அறுந்தது என்று ஒரு பெட்டி எழுந்தது. சர்வர், அரைகுறையாக நின்ற மாற்றங்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, மிஷின் முதலில் காட்டிய பாயிண்டையே திரும்ப வைத்தது. அதே நேரத்தில் எடை மேடை அறையிலிருந்து பிரிண்டர் கரகரவென்று ஓடும் சத்தம் கேட்டது.

செல்லமுத்து கையை ஓங்கவில்லை, கத்தவும் இல்லை. "உங்களை யாரு உள்ள உட்டதுன்னு கேக்கறேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவள் வெளியே வந்தபோது சென்னம்மாள் சீட்டை வெயிலுக்கு நேரே பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு. அவர் அதை நம்பாமல் டிரைவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவரும் இருபத்தெட்டு என்றே வாசித்தார்.

"இது என்ன கண்ணு, மிஷினு இன்னைக்கு மட்டும் சரியாச் சொல்லுது?"

அமுதவல்லி சுற்றிலும் பார்த்தாள். பேசாமல் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போகலாம். பாயிண்ட் ஆலை விஷயம் என்று சொன்னவரின் குரல் இன்னும் காதில் இருந்தது.

"மிஷினு எப்பவுமே சரியாத்தான் சொல்லியிருக்குதுங்க. நான் காலைல உங்ககிட்டச் சொன்னதுதான் தப்பு. மிஷினு சொன்னதுக்கப்புறம் உள்ள ஒரு ரூமுல மூணு மூணாக் குறைச்சிருக்காங்க. எடை மேடை நின்னது அதனாலதான்."

சென்னம்மாள் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு மேடையைவிட்டு இறங்கிய தன் டிராக்டரை வெளியே எடுக்கச் சொல்லாமல், கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தச் சொன்னார். இறக்காத லோடுகளோடு நின்ற மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக என்ஜினை அணைத்தார்கள். ஓடிக்கொண்டிருந்த அரவை மிஷின் கிழங்கு வராமல் கொஞ்ச நேரத்தில் வெறுமனே இரைந்தது.

செல்லமுத்து வந்து பேசிப் பார்த்தார். தட்டச்சுப் பிழைகளைத் திருத்துவதற்காக வைத்த திரை அது என்றார். எல்லாருடைய பிழையும் மூன்றாகவே இருந்தது எப்படி என்று சென்னம்மாள் கேட்டார். ஆலை முதலாளி சேலத்திலிருந்து காரில் வந்து சேர்ந்தார். அவர் விவசாயிகளைவிட, நின்றுபோன அரவை மிஷினைப் பார்த்துத்தான் அதிகம் கவலைப்பட்டார். பேச்சு நீண்டது. பிடுங்கிய கிழங்கு வெயிலில் கிடக்கிறது, நமக்குத்தான் நட்டம் என்று கூட்டத்திலேயே சிலர் தளர்ந்தார்கள். சென்னம்மாள் தளரவில்லை. கடைசியில், பாயிண்ட் பார்க்கும் மேஜையிலேயே, லோடுக்காரர் கண்முன்னால், அப்போதே ஒரு சீட்டு அச்சாகிக் கையில் வர வேண்டும், அந்த மாற்றும் திரை இருக்கவே கூடாது என்று முடிவானது. ஏற்கெனவே குறைத்ததைப் பற்றி முதலாளி வாயே திறக்கவில்லை. அந்தப் பேச்சு அந்த சீசன் முழுக்க இழுபட்டுக்கொண்டே இருந்தது.

மேஜைச் சீட்டுக்கான ஏற்பாட்டை யார் செய்வது என்று முதலாளி கேட்டபோது எல்லாரும் அமுதவல்லியைப் பார்த்தார்கள். அவள் போனில் ஜெகதீஸ்வரனின் செய்தி வந்து கிடந்தது. நாளை முதல் ஆபீஸுக்கு வர வேண்டாம் என்று.

"உங்களைத்தான் வேலைய உட்டே எடுத்துட்டாங்களாமே" என்றார் செல்லமுத்து.

"அது நாளைல இருந்துதானுங்க சார்" என்றாள். "பாயிண்டு மேஜைக்கு ஒரு பிரிண்டரு கொண்டாரச் சொல்லுங்க."

தமிழரசு ஓடிப்போய்ப் பிரிண்டரைத் தூக்கி வந்தான். கேட்டுக்குக் குறுக்கே நின்ற டிராக்டர் நகர்ந்தது. கடைசி லோடு இறங்கும் வரை அவள் பாயிண்ட் மேஜைக்குப் பக்கத்தில் நின்றே இருந்தாள். ஒவ்வொருவரும் சீட்டை வாங்கி, மிஷினில் தெரிகிற எண்ணோடு ஒத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பஸ்ஸில் வரும்போது சித்தார்த் போன் செய்தான். தவறாகப் பதிவானதைத் திருத்த என்று சொல்லித்தான் அந்தத் திரையை எழுதச் சொன்னார்கள் என்றான். நம்பினாயா என்று கேட்டாள். பாதி நம்பினேன் என்றான். நம்பாத மீதிப் பாதியை இனிமேல் யாரிடமாவது சொல்லு என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அவளுக்கு உடனே வேறு வேலை கிடைத்துவிடவில்லை. ஜெகதீஸ்வரனுக்கு ஒன்றும் குறைந்துவிடவும் இல்லை. மற்ற ஆலைகள் அவரிடமே தொடர்ந்தன. கஸ்டமர் ஆலையில் கலாட்டா செய்த பெண் என்று அவள் பெயர் ஃபேர்லேண்ட்ஸ் முழுக்கச் சுற்றியது. இரண்டு நிறுவனங்களில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டுவிட்டு, அவள் யார் என்று தெரிந்ததும் காபி கொடுத்து அனுப்பிவைத்தார்கள். மூன்றாவது இடத்தில், சங்ககிரியில் லாரி புக்கிங் மென்பொருள் எழுதும் ஒரு சின்ன நிறுவனத்தில், அதை நடத்திய சாரதாமணி என்ற அம்மாள் கதை முழுவதையும் கேட்டார். எங்கள் இடத்திலும் இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். அதையேதான் செய்வேன் என்று அமுதவல்லி சொன்னாள். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்று சங்ககிரியிலிருந்து வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அவள் அம்மா ஆத்தாயி சோற்றைப் போட்டுக்கொண்டே ஆதங்கப்பட்டாள்.

"மேனேஜருதான் உன்ற மேல தப்பில்லைன்னு சொல்றேன்னாராமே. அதோட கம்முனு வந்திருக்கலாமில்ல சாமி?"

"வந்திருக்கலாந்தான்" என்றாள் அமுதவல்லி. "வரல."

ஆத்தாயி அவள் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.